றெக்ஸினுக்கு அடியில் இருந்த சீத்தை

நான் வாய் உள்ளவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றாலும், ஒரு சபையில் இருந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்த பழக்கம் எனக்கு இல்லை. என் மகளுக்குப் பேசி வந்த இரண்டு சம்பந்தங்களும் என் வாயால்தான் குழம்பின என்று என் தம்பி சொல்லித் திரிகிறான். அது முழுப் பொய். முதலாவது சாதகம் பொருந்தாமல் நின்றது. இரண்டாவதில், மாப்பிள்ளையின் தகப்பன் கட்டியிருந்த பல்லைப் பற்றி நான் ஒரு சொல் சொன்னது உண்மை. ஒரே ஒரு சொல்.

அப்படிப்பட்ட நான், உடுவிலில் ஒரு வீட்டுச் செற்றியில் இருந்தபடி, என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துவிடுமோ என்று நடுங்கினேன். அந்த நடுக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. ஏன் என்பது வாசித்து முடிக்கிறபோது விளங்கும்.

அது மூன்றாவது சம்பந்தம். மகளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. உரும்பிராயில் நாங்கள் இருக்கும் வீட்டுக்குக் கிட்ட ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். என் மனிசன், அவளின் தகப்பன், இல்லை. மூத்த மகனும் இல்லை. அவன் நாங்கள் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் போய்விட்டான். அதை விரித்து எழுத எனக்கு ஏலாது. நானும் கண்ணை மூடினால் இவளுக்கு ஆர் என்ற பயம், சாப்பிட இருக்கிற நேரம் பார்த்து எனக்கு முன்னால் வந்து இருந்துவிடும்.

உடுவில் மாப்பிள்ளை தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். தகப்பன் இல்லை. தாயும் அவரும்தான் வீட்டில். தரகர் நம்பரைக் கொடுத்ததில் பிள்ளைகள் இருவரும் போனில் கதைத்துக்கொண்டார்கள். இந்தக் காலத்தில் அப்படித்தானாம். நான் தடுக்கவில்லை. ஏனென்றால் ஒருநாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றவள் தனக்குள் சிரித்ததைக் கண்டேன். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு கன காலம். அதைக் கண்டதும் எனக்குச் சந்தோசம் வரவில்லை. பயம்தான் வந்தது. இதுவும் குழம்பினால் இவள் இனிச் சிரிக்கமாட்டாள் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்று, என் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டே மகள் சொன்னாள்:

“அம்மா, அங்கை போய் வாயைத் திறக்காதேங்கோ. மாமா கதைக்கட்டும்.”

“தேத்தண்ணி குடிக்க எண்டாலும் திறக்கலாமோ?”

“அதுக்கு மட்டும்.”

தேத்தண்ணீர் என்றது சும்மா பகிடி இல்லை. எங்கள் பக்கத்தில், சம்பந்தம் பேசப் போன வீட்டில் மனம் பிடித்தால்தான் கை நனைப்பது. பிடித்தால் அங்கே வைத்த தேத்தண்ணீரைக் குடிப்போம். பிடிக்காவிட்டால் அப்படியே வைத்துவிட்டு எழும்பி வருவோம். ஒருவரும் ஒருவரையும் புண்படுத்தத் தேவையில்லை. கோப்பை சொல்லிவிடும். அதிலும் ஆண்கள் குடிப்பது கணக்கில்லை, என் தம்பியைப் போன்றவர்கள் எந்த வீட்டிலும் குடிப்பார்கள். பொம்பிளையின் தாய் குடித்தாளா என்றுதான் குசினிக்குள் இருந்து பார்ப்பார்கள்.

ஓட்டோவில் போகும் வழியெல்லாம் தம்பி எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தான். எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டவேண்டுமாம். ஆட்டுகிறபோதும் மெல்ல ஆட்டவேண்டுமாம். வேறு நாளென்றால் அவனை ஓட்டோவால் இறக்கிவிட்டிருப்பேன். அன்று கிணற்றடிச் சிரிப்பை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

வீடு நல்ல ஓட்டு வீடு. முற்றம் கூட்டி விளக்குமாற்று வரி தெரிய இருந்தது. முன் ஹோலில் நாலு பிளாஸ்டிக் கதிரைகளும், சுவரோடு மெத்தை வைத்த ஒரு நீளச் செற்றியும் இருந்தன. செற்றிக்கு பஸ் சீற்றுக்கு அடிக்கிற மாதிரி மண்ணிற றெக்ஸின் அடித்திருந்தது. இருக்கையும் முதுகும் மட்டுமல்ல, கைகளையும் விடாமல் சுற்றி மூடி, கால் கூடத் தெரியாமல் கீழே ஒரு தொங்கல் விட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் கம்பளி போர்த்தின ஆளைப் போல அது நின்றது.

மாப்பிள்ளையின் தாய் என்னைவிட இளையவள். நெடுத்த, மெலிந்த மனுசி. கும்பிட்டு வரவேற்றுவிட்டு, எனக்குப் பிளாஸ்டிக் கதிரையைக் காட்டினாள். எனக்கு முழங்கால் சுகமில்லை. ஊன்றி எழும்ப இருக்கைக்குக் கனமான கை வேண்டும். அதனால் செற்றிப் பக்கம் திரும்பினேன். அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். அதில் ஸ்பிரிங் குத்தும், இருக்க வேண்டாம் என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களை நாங்கள் இருக்கிறதிலே நல்ல இருக்கையில்தான் இருத்துவோம். இவளென்ன எனக்குப் பிளாஸ்டிக்கைக் காட்டுகிறாள் என்ற ரோசத்தில், குத்தினால் குத்தட்டும் என்று செற்றியின் இடப்பக்கத்தில் போய் இருந்தேன்.

இருந்ததும் அது முனகியது. அடை கிடக்கிற கோழியைத் தொட்டால் தொண்டைக்குள் ஒரு சத்தம் போடுமே, அப்படி. என் உடம்பு இடப்பக்கம் சரிந்தது. ஆனால் நான் தடுமாறவில்லை. சரியும் என்று என் உடம்புக்கு முதலே தெரிந்திருந்தது. வலக்கால் தானாக ஊன்றிக்கொண்டது. உடம்பு இதை எப்படி அறியும் என்று நான் யோசிக்க முதலே என் இடக்கை செற்றியின் கைக்கு அடியில் போய்விட்டது.

இந்த இடத்தில் அந்தச் செற்றியின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் சொந்த வீடு காங்கேசன்துறைப் பக்கம். என் மனிசன் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எங்கள் பகுதியில் முதன்முதல் சிவப்புச் சீமெந்துப் பூச்சு நிலம் போட்ட வீடு எங்களுடையது. அந்த நிலத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு இருக்கை வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். பழைய டாக்குத்தர் வீடொன்றை இடித்துச் சாமான் விற்றபோது, மனிசன் இந்தச் செற்றியை மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கருங்காலி மரம். வளைந்த கால்கள். கைகள் இரண்டும் முன்னால் போய்ச் சுருண்டு, காய்ந்த வாழையிலை சுருளுவது போல நிற்கும். ஒல்லாந்தர் நாளில் அது பிரம்பு பின்னின இருக்கையாக இருந்ததாம். சட்டத்தைச் சுற்றிப் பிரம்பு கோத்த துளைகள் அப்படியே இருந்தன. பிறகு வெள்ளைக்காரர் காலத்தில் யாரோ பிரம்பை வெட்டிவிட்டு, அடியில் பட்டை நாடா இழுத்து, ஸ்பிரிங் நிறுத்தி, மேலே தும்பும் குதிரை மயிரும் அடைத்துச் சிவப்பு வெல்வெற்று போட்டிருந்தார்கள். ஒல்லாந்தருக்கு நிமிர்ந்து இருக்கவேணும், வெள்ளைக்காரருக்குச் சாய்ந்து இருக்கவேணும். செற்றி இரண்டு பேருக்கும் இடம் கொடுத்து, கடைசியில் எங்களிடம் வந்தது.

வந்தபோது வெல்வெற்று மயிர் கொட்டி வழுக்கைத் தலை மாதிரி இருந்தது. குதிரை மயிர் துணியைத் துளைத்துத் தொடையில் குத்தும். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வள்ளத்தில் துணி வரும். பச்சையில் மஞ்சள் பூப் போட்ட தடிப்பான சீத்தை ஒன்றை எடுத்தேன். பழையதைக் கழற்றினால் உள்ளே அடைத்தது கலைந்துவிடும் என்று வெல்வெற்றின் மேலேயே அடித்தோம். பித்தளைக் குமிழாணிகளை நான் வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுக்க, மனிசன் அடித்தார். இவ்வளவு நேரம் நீ பேசாமல் இருந்தது இன்றைக்குத்தான் என்று சொல்லிச் சிரித்தார்.

மூத்தவன் அந்தச் செற்றியைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பி நிற்கப் பழகினான். பல்லு முளைக்கிற காலம் இடக்கைச் சுருளின் கீழ் விளிம்பை நாய்க்குட்டி மாதிரிக் கடிப்பான். கருங்காலியில் பல்லுப் பதியுமோ என்று கேட்பீர்கள். விளிம்பு மெல்லியது, அவன் விடாமல் கடித்தான். வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தேன். நக்கிவிட்டுக் கடித்தான்.

ஷெல்லடிக்குள் அந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது மகள் கைக்குழந்தை. சைக்கிளில் கொண்டதை மட்டும் கொண்டுவந்தோம். கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். பிறகு கன காலம் ஒருவரும் அந்தப் பக்கம் போக முடியாது. ஆமி பிடித்திருந்த காணியை விட்டபோது போய்ப் பார்த்தேன். கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. நிலம் மட்டும் இருந்தது. அந்தச் சிவப்பு நிலத்தில் செற்றியின் நாலு கால்களும் நின்ற இடம் நாலு வட்டமாகத் தெரிந்தது. திறப்பை வீட்டுக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

இனி உடுவிலுக்கு வருகிறேன்.

றெக்ஸின் கையின் மேற்பக்கத்தைச் சுற்றி வந்து, அடியில் ஆணியோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே வெறும் மரம். என் பெருவிரல் ஒரு பள்ளத்தில் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அடுத்து நீளமாக ஒரு கீறல். மூத்தவனுக்கு மேல் பல்லு ஒன்று சரிந்து முளைத்தது. அந்தப் பல்லு இழுத்த கீறல் அது.

தம்பி மாப்பிள்ளையின் தாயோடு மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தான். சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்டது. இது எங்கடை என்ற சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதைத் துப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தம்பி கதிரையால் பாய்ந்து எழும்புவான். களவெடுத்த வீட்டில் பொம்பிளை கொடுப்பதோ என்பான். ஒழுங்கை முனை வரைக்கும் கேட்கும். பிறகு அந்தக் கிணற்றடிச் சிரிப்புக்கு நான் எங்கே போவேன்?

துப்பாமல் விழுங்கினால்? இவர்கள் யாரோ, எங்கள் வீட்டுக் கதவையும் யன்னலையும் கழற்றினது இவர்களோ, எங்கள் கூரையில்தான் இவர்கள் படுக்கிறார்களோ என்று ஓட்டைப் பார்த்தேன், நிலையைப் பார்த்தேன், யன்னல் கம்பியைப் பார்த்தேன். எல்லாம் என்னுடையது போலவும் இருந்தது, ஒன்றும் என்னுடையது அல்லாதது போலவும் இருந்தது. இப்படிப்பட்ட வீட்டுக்குள் என் பிள்ளையைத் தள்ளிவிடுகிறேனோ? அந்தப் பயம் முதல் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

தேத்தண்ணீர் வந்தது. தாய் அதைச் சின்ன முக்காலியில் பீரிசோடு வைத்தாள். நான் கோப்பையைத் தூக்கினேன். கோப்பையும் பீரிசும் ஒன்றோடொன்று அடித்துப் பல்லுக் கிட்டினது போலச் சத்தம் போட்டன. கீழே வைத்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்து எடுப்போம் என்று நினைத்தேன். மாப்பிள்ளை கையில் கிறீஸைத் துடைத்துக்கொண்டே வந்து கும்பிட்டார். முகத்தில் கள்ளம் இல்லை. பம்புச் சத்தத்தில் வேலை செய்து காது கொஞ்சம் மந்தம் என்று அவர் சொல்ல, எங்கள் வீட்டுக்கு அது நல்ல பொருத்தம்தான் என்று தம்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் மாப்பிள்ளையின் தாயும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் கண்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. செற்றிக் கைக்கு அடியில் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையைச் சட்டென்று மடிக்கு எடுத்தேன். எடுத்த வேகத்தில் எழும்பிவிட்டேன். போயிட்டு வாறம் என்று நான் சொன்னது மட்டும்தான் அந்த வீட்டில் நான் பேசினது.

ஓட்டோ சந்தி திரும்பும் வரை தம்பி பொறுத்தான்.

“அக்கா, தேத்தண்ணியை ஏன் வைச்சிட்டு வந்தனியள்?”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கோப்பை நிறைய நிறைய, மேலே ஆடை படிந்து, முக்காலியில் அப்படியே இருந்தது.

“வாயைத் திறக்காதேங்கோ எண்டது கதைக்கிறதுக்கு. தேத்தண்ணி குடிக்கிறதுக்கு இல்லை. திறக்கவேண்டாத இடத்திலை திறக்கிறியள், திறக்கவேண்டின இடத்திலை பூட்டிப்போட்டு வாறியள்.”

திரும்பிப் போய்க் குடிக்கிற வழக்கம் எங்கும் இல்லை. நெஞ்சுக்குள் வாயு என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் இன்னும் கெடும். எது கேட்டாலும் நான் வாயு, வாயு என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

மகள் வாசல் படலையில் நின்றாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. மாமனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடியில் கிடந்த உடுப்புகளை எடுக்கப் போனாள். ஈரம் காயாததையும் சேர்த்து எடுத்தாள்.

அடுத்து வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று தெரியாது. அவளுடைய போன் மேசையில் கிடந்தது, அடிக்கவில்லை. அவளும் எடுத்துப் பார்க்கவில்லை. சட்டியில் கறி அடிப்பிடித்ததை மணந்துதான் தெரிந்துகொண்டேன். படலைச் சத்தம் கேட்டால் தரகர் வேண்டாமென்று சொல்ல வருகிறார் என்று நெஞ்சு இடிக்கும். படலைச் சத்தம் கேட்காவிட்டால் தம்பி எப்படியோ விசயத்தை மணந்து, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு உடுவிலுக்குப் போய்விட்டான் என்று நெஞ்சு இடிக்கும். எல்லாவற்றுக்கும் நடுவில், இருக்கிற இடத்தில் எல்லாம் என் பெருவிரல் அந்தப் பள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

ஒரு காலை, மகள் முன்பள்ளிக்குப் போன பிறகு, குடையோடு ஒரு நெடுத்த உருவம் படலையைத் திறந்தது. மாப்பிள்ளையின் தாய். தரகர் இல்லை, துணை இல்லை. பஸ்ஸால் இறங்கித் தனியே நடந்து வந்திருக்கிறாள். முகம் வெயிலில் கறுத்து, உதடு வெளுத்திருந்தது. இருக்கச் சொன்னேன். கதிரையின் நுனியில் இருந்தாள். நான் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டுவந்து வைத்தேன். அவள் தொடவில்லை. இப்போது கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பது என் முறை.

“ஒண்டு கேக்க வந்தனான் அக்கா. கேட்டிட்டுப் போயிடுவன்.” குடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். “அந்தச் செற்றி உங்கடையோ?”

ஓம் என்று சொல்லவும் பயம், இல்லை என்று சொல்லவும் பயம். பதிலுக்கு நிற்காமல் அவள் சொல்லத் தொடங்கினாள்.

வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது அவர்களும் போனார்களாம். திரும்பி வந்து பார்த்தால் தங்களுடைய சாமான் ஒரு துரும்பும் இல்லை. அலுமாரி இல்லை, ஆட்டுக்கல் இல்லை, சாமி படம் இல்லை. வெறும் ஹோலுக்கு நடுவில், முன்பின் காணாத ஒரு செற்றி மட்டும் நின்றதாம். யாரோ அங்கே இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யார், எங்கே இருந்து அதைக் கொண்டுவந்தார்கள் என்று கேட்க அந்த நேரம் ஒருவரும் இல்லை. மெத்தைக்குள் என்ன வைத்திருக்கிறார்களோ என்று அவர்கள் உள்ளே போகவே பயந்து, முற்றத்து வேப்பமரத்தோடு நின்று, கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்தார்களாம். ஒன்றும் வெடிக்கவில்லை. இழுத்தபோது அது முனகினதில் அவள் மனிசன் மண்ணில் குப்புற விழுந்து படுத்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

எறியவும் மனமில்லை, அது ஆருடையதோ பொருள். விற்கவும் மனமில்லை. வைத்துக்கொண்டார்கள். அன்று தொடங்கியது பயம். உடையவன் ஒருநாள் வருவான், ஒழுங்கையில் நின்று கள்ளர் என்று கத்துவான் என்ற பயம். அதனால் பச்சைச் சீத்தையின் மேல் நீலத் துணி அடித்தாள். அது பழசாக, அதன் மேல் கோடு போட்ட துணி. பிறகு றெக்ஸின். ஒவ்வொரு முறையும் கூடுதலாக மூடினாள். சுருள் கையை மூடினாள், வளைந்த காலை மூடினாள். மனிசன் செத்தபோது செத்தவீட்டுக்கு வந்த சனம் கண்டுவிடுமென்று, அழுகைக்கு நடுவிலும் அதில் ஒரு பாயைப் போட்டாளாம்.

“ஆர் வந்து அதிலை இருந்தாலும் நான் முகத்தைப் பாக்கிறேல்லை, கையைத்தான் பாப்பன். இத்தினை வருசத்திலை ஒருத்தரும் கையை அடியிலை விடேல்லை. நீங்கள் விட்டனியள். பிறகு தேத்தண்ணியும் குடியாமல் எழும்பினியள்.”

பச்சைச் சீத்தை என்று அவள் சொன்னபோதே என் நினைவு அந்தச் சிவப்பு நிலத்துக்குப் போய்விட்டது. அதற்கு மேல் அவள் சொன்னது பாதிதான் கேட்டது.

“நாளைக்கே லான்ட்மாஸ்டர் பிடிச்சு ஏத்தி அனுப்புறன் அக்கா. கள்ள வீடு எண்டு மட்டும் நினைச்சுப்போடாதேங்கோ. என்ரை மோனுக்கு உதொண்டும் தெரியாது. அவன் இரண்டு மூண்டு நாளாச் சாப்பிடுறானில்லை.”

லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் செற்றி ஏறி, உரும்பிராய்ச் சந்தியால் எல்லாரும் பார்க்க வந்து, எங்கள் படலையில் இறங்குவதை நான் கண்ணால் கண்டேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பொம்பிளை வீட்டுக்குச் சாமான் வந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. எல்லாம் முறிந்தது என்று அர்த்தம். அதைக் காண என் மகள் முன்பள்ளியால் வந்து படலையில் நிற்பாள். அவ்வளவு நாளும் விழுங்கி வைத்திருந்த வாய் அப்போது திறந்தது.

“அனுப்பக்கூடாது” என்றேன்.

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

“பொம்பிளை வீட்டிலையிருந்துதான் சாமான் போறது. அங்கையிருந்து திரும்பி வாறேல்லை. என்ரை பிள்ளையின்ரை சீதனச் செற்றி, கொஞ்சம் முந்தி வந்திட்டுது எண்டு வையுங்கோ.”

அவள் குடைப்பிடியை விட்டாள். குடை நிலத்தில் விழுந்தது. எடுக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“இவ்வளவு முந்தி ஆரும் சீதனம் அனுப்பினதா நான் கேள்விப்படேல்லை.”

“எங்கடை ஆக்கள் எதையும் முந்தித்தான் செய்வினம்” என்றேன். எனக்கு அந்தப் பெருமையை விட மனமில்லை.

கோப்பையைக் கையில் எடுத்தாள். ஆடை படிந்து ஆறிப் போயிருந்தது. வேறு போட்டுத் தருகிறேன் என்று எழும்பினேன். வேண்டாம், இதைத்தான் குடிக்கவேணும் என்றாள். ஆடையையும் சேர்த்து, மண்டி வரை குடித்துவிட்டு, கோப்பையை எனக்குத் தெரியச் சரித்து வைத்தாள். பின்னேரம் மகளின் போன் அடித்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

தம்பிக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. தான் தரகரோடு கதைத்த கதையில்தான் சம்பந்தம் திரும்பிச் சரிவந்தது என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். திரியட்டும்.

கலியாணத்துக்கு முதல் செற்றிக்குப் புதுத் துணி போட ஆள் பிடித்தோம். சுன்னாகத்தால் ஒருவர் வந்தார். நானும் போயிருந்தேன். அன்றைக்கு எனக்கு இன்னொரு விதமான பயம். பச்சைச் சீத்தை எத்தனையோ வீட்டில் இருந்திருக்கும். முனகுகிற ஸ்பிரிங்கும் இருந்திருக்கும். கதிரையைக் கடித்த பிள்ளை என் பிள்ளை மட்டும்தானோ? வேறு யாருடைய செற்றியையோ என் சீதனம் என்று சொல்லிவிட்டேனோ? அப்படியென்றால் என் பெருவிரல் தொட்டது ஆருடைய பிள்ளை? குசினி வாசலில் நின்று குறடு ஆணியைக் கழற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சம்பந்திதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். றெக்ஸின் போய், கோடு போய், நீலம் போய், பச்சை வந்திருந்தது. பச்சை என்று சொல்ல ஏலாது, சாம்பல் நிறம். ஆனால் மடிப்புக்குள் மஞ்சள் பூ அப்படியே இருந்தது. முதுகின் வலப்பக்க மூலையில் ஒரு குமிழாணி மட்டும் வரிசையை விட்டு விலகி நின்றது. அது நான் வாயிலிருந்து கொடுக்கும்போது சிரிப்பில் தவறி விழுந்து, தேடி எடுத்து, பிந்தி அடித்த ஆணி. எனக்கு அது போதும். நான் சீத்தையைத் தொடவில்லை. வேலை செய்கிறவர் தொட்டார். தொட்ட இடம் பொடியாகக் கொட்டியது.

எல்லாவற்றையும் வழித்து எறிந்துவிட்டு உள்ளுக்கு ஸ்பொஞ்ச் வைத்தால் நல்லது, காலத்துக்கும் நிற்கும் என்று அவர் சொன்னார். வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் இரண்டு மாமியார் போல என்று முணுமுணுத்துக்கொண்டு ஆணியை எடுத்தார். மகள் தெரிவுசெய்த சந்தன நிறத் துணியை அதன் மேலேயே அடித்தார். கைகளையும் கால்களையும் இந்த முறை மூடவில்லை. மூட இனி ஒரு காரணமும் இல்லை. சம்பந்தியே எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். பல்லுப் பட்ட இடத்தைப் பட்டி வைத்து அடைத்துத் தரவோ என்று அவர் கேட்டதற்கு, அது கிடக்கட்டும் என்றாள்.

மகளிடம் சொல்லவில்லை. தமையனின் தோளில் இருந்து திருவிழாப் பார்த்தது மட்டும்தான் அவளுக்கு அவனைப் பற்றி ஞாபகம். சொன்னால், அந்தச் செற்றியில் அவளால் இருக்க முடியுமோ, புருசனின் வீட்டை வேறு கண்ணால் பார்ப்பாளோ என்று பயம். சொல்லாமல் விட்டால் அவனுக்குச் செய்கிற அநியாயமோ என்றும் பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் அவர்கள் வீட்டுக்குப் போய் வருகிறேன். போனால் அந்த இடத்தில்தான் இருப்பேன். அது முனகும்.

போன முறை போயிருந்தபோது மகள் செற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி நிலத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். மகளின் கை இடக்கைச் சுருளில் நின்றது.

“இதை ஆரோ கடிச்சிருக்கினம்” என்றாள்.

முருங்கையிலை உருவுகிற கை நின்றது. என் வாய்க்குள் அந்தச் சொல் மறுபடி வந்தது, பல்லுக்குப் பின்னால், அதே இடத்தில். நான் திறக்க முதல் சம்பந்தி சொன்னாள்:

“எங்கடை பிள்ளை ஒண்டுதான் மோனை. பல்லு முளைக்கேக்கை.”

மகள் சிரித்துக்கொண்டே வாசலில் பம்பைக் கழற்றி வைத்திருந்த புருசனிடம் போய், சின்னனிலே மரத்தைத் தின்று வளர்ந்ததால்தான் காது அடைச்சுப்போச்சோ என்று கேட்டாள். அவர் ஒன்றும் விளங்காமல் தலையைச் சொறிந்து, தனக்கு ஞாபகம் இல்லை, செய்திருப்பேன் என்றார். அவளுடைய சிரிப்பு முற்றம் முழுக்கக் கேட்டது.

சம்பந்தி என்னைப் பார்த்தாள். முகத்தை அல்ல, கையை. நான் அதைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.